நகராண்மைக் கழகத்தில் வல்லபாய்

சுதேச சமஸ்தானங்களை இந்தியாவோடு இணைத்த சர்தார் வல்லபாய் படேலை மாணவர் அறிவர். அவர் அகமதாபாத் நகரின் சாக்கடைகளையும் கவனித்தவர் என்பதைப் பலர் அறியார்.

இலண்டனில் பாரிஸ்டர் பட்டம் பெற்று 1913-இல் திரும்பிய அவர், குற்ற வழக்குகளில் பெரும்பொருள் ஈட்டினார். மாலைப்பொழுதைக் குஜராத் கிளப்பில் சீட்டாட்டத்தில் போக்கினார்! 1917-இல் நகராண்மைக் கழக உறுப்பினராகிச் சுகாதாரக் குழுவின் தலைமையை ஏற்றார்.

அவ்வாண்டே நகரில் பிளேக் என்னும் கொள்ளைநோய் பரவிற்று. பள்ளிகளும் நீதிமன்றங்களும் மூடப்பட்டன. மக்கள் பலர் ஊரைவிட்டு வெளியேறினர். வழக்கில்லாத வழக்கறிஞருக்கு அங்கு என்ன வேலை? ஆயினும் வல்லபாய் அகலவில்லை. பொறுப்பேற்றவர் இடர்வேளையில் நீங்குதல் நம்பிக்கைக் கேடாகும் என்று கருதினார். தெருத்தெருவாக நடந்து, சாக்கடைகளைத் தூய்மை செய்வித்தார்.

பின்னர் அந்நகர மக்கள் 1924 முதல் 1928 வரை அவரையே கழகத் தலைவராகக் கண்டனர்.