தாம்பரம் பக்கம் இளைஞர் பணிக்கு வருகிறவர்களுக்கு

இளைஞர்களோடு வேலை செய்ய ஆசைப்பட்டு வருகிறவர்களில் பலர் முதலில் செய்வது பேனர் அடிப்பது. பள்ளி மண்டபத்தில் போதை ஒழிப்பு விழிப்புணர்வு, ஒரு மணி நேரப் பேச்சு, உறுதிமொழி, குரூப் போட்டோ. நிதி கொடுத்தவருக்கு அனுப்ப ரிப்போர்ட் தயார். அந்தப் பேச்சைக் கேட்க வேண்டிய பையன் அன்றைக்குப் பள்ளிக்கே வந்திருக்க மாட்டான். இரும்புலியூர்ப் பக்கம் தண்ணீர் கேன் வண்டியில் தொற்றிக்கொண்டு போயிருப்பான். அவனைத் தேடிப் போக நினைக்கிறவர்களுக்கு இந்தக் கட்டுரை.

படிப்பிலிருந்து தொடங்கலாம். இந்த வேலைக்கு எம்.எஸ்.டபிள்யூ. என்ற இரண்டு வருடச் சமூகப்பணிப் பட்டம்தான் வழக்கமான வாசல். எழும்பூரில் மேரி கிளப்வாலா ஜாதவ் 1952இல் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க், லயோலா, ஸ்டெல்லா மாரிஸ், தாம்பரத்திலேயே கிறித்தவக் கல்லூரி என்று இடங்கள் உண்டு. இளைஞர் மேம்பாட்டுக்கென்றே மத்திய அரசு 1993இல் தொடங்கிய ராஜீவ் காந்தி தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனம் ஸ்ரீபெரும்புதூரில் இருக்கிறது. 2012இல் நாடாளுமன்றம் அதற்குத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் என்ற தகுதியைச் சட்டமாகவே இயற்றிக் கொடுத்தது. பக்கத்திலேயே இருந்தும் தாம்பரம் பிள்ளைகளில் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். களப்பணிக்கு எங்கே அனுப்புகிறார்கள், அங்கே உங்களை யார் மேற்பார்க்கிறார்கள் என்று சீனியர்களிடம் கேளுங்கள். இன்னும் இளங்கலையில் இருப்பவர் என்.எஸ்.எஸ்.ஸில் சேரலாம். இரண்டு வருடத்தில் 240 மணி நேரம், ஏழு நாள் முகாம். அதைக் கையெழுத்துக்காக மட்டும் செய்யாதவருக்கு இந்த வேலை ஒத்துவருமா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

எல்லையைப் படியுங்கள்

வேலை கிடைத்தாலும் சரி, சொந்த முயற்சியானாலும் சரி, முதல் வாரத்தில் ஒரு வரைபடம் போடுங்கள். தாம்பரம் மாநகராட்சி 2021 நவம்பரில் வந்தது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து 70 வார்டுகள். மாவட்டமோ செங்கல்பட்டு, அதுவும் 2019இல் பிறந்ததுதான். 2022 ஜனவரியில் செயல்படத் தொடங்கிய தாம்பரம் காவல் ஆணையரகத்தின் எல்லையும் மாநகராட்சி எல்லையும் ஒன்றல்ல. கிழக்கே போனால் மேடவாக்கம், பெரும்பாக்கம் எல்லாம் ஊராட்சிகள். ஓ.எம்.ஆர். பக்கம் கண்ணகி நகர் சென்னை மாநகராட்சி.

இது ஏதோ பொது அறிவுப் பாடமில்லை. பதினாறு வயதுப் பெண்ணுக்குக் கல்யாணம் பேசுகிறார்கள் என்று சாயங்காலம் தகவல் வந்தால், எந்தக் குழந்தைகள் நலக் குழு, எந்த மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, எந்த ஸ்டேஷன் என்று அப்போது உட்கார்ந்து தேட நேரம் இருக்காது. குழந்தைகள் உதவி எண் 1098ஐப் போனில் ஏற்றிவைப்பதோடு அந்த அலுவலகங்களுக்கு ஒருமுறை நேரில் போய் முகம் காட்டிவிட்டு வாருங்கள்.

கிரவுண்டில் நில்லுங்கள்

அடுத்த இரண்டு வாரம் எதையும் தொடங்காதீர்கள். சாயங்காலம் ஐந்தரைக்குப் போய் நில்லுங்கள், அவ்வளவுதான். கோடையில் காய்ந்த ஏரிப் படுகை, ரயில்வே இடம், குடியிருப்பு பிளாக்குகளுக்கு நடுவே உள்ள காலி மனை என்று ஒவ்வொரு ஏரியாவுக்கும் ஒரு கிரவுண்டு இருக்கும். யாராவது ஒருவன் வந்து கேட்பான்.

"எந்தக் கட்சிணா?"

"கட்சி எல்லாம் இல்ல தம்பி."

"அப்ப மஃப்டியா?"

சிரித்துவிட்டு உள்ளதைச் சொல்லுங்கள்: எந்த அமைப்பு, யார் சம்பளம் கொடுக்கிறார்கள், எத்தனை மாதம் இங்கே இருப்பீர்கள். பெண் பணியாளரிடம் கேள்வி வேறு மாதிரி வரும். "கணக்கெடுக்க வந்தியாக்கா?" பெரும்பாக்கத்தில் இது கிண்டலில்லை. நகரின் பல மூலைகளிலிருந்து அகற்றப்பட்டு அந்த எட்டு மாடிக் குடியிருப்புகளுக்கு வந்தவர்களிடம் படிவத்தை நீட்டிக் கேள்வி கேட்டுவிட்டுப் போனவர்கள் ஏராளம். திரும்பி வந்தவர்கள் குறைவு. அதனால் முதல் மாதம் நோட்டை வெளியே எடுக்க வேண்டாம். வீட்டுக்குப் போய் எழுதிக்கொள்ளுங்கள்.

கிரவுண்டில் பெண்பிள்ளைகள் இல்லையென்றால், ஆர்வமில்லை என்று எழுதிவிடாதீர்கள். தண்ணீர் எப்போது வருகிறது, தம்பி தங்கையை யார் பார்த்துக்கொள்கிறார்கள், பக்கத்தில் கழிப்பறை இருக்கிறதா, இருட்டுவதற்குள் வீடு திரும்ப முடியுமா என்று விசாரியுங்கள். பெண்களுக்கான நேரத்தை நாலரை முதல் ஆறு வரை என்று தனியே ஒதுக்கி, பையன்களிடம் முன்கூட்டியே பேசி ஒப்புக்கொள்ளவையுங்கள். முதலில் முணுமுணுப்பார்கள், பிறகு அவர்களே வலை கட்டித் தருவார்கள். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் கண்ணகி நகர் கார்த்திகா இருந்தார். அன்றைக்கு எல்லா டி.வி.யும் அங்கே போயின. நீங்கள் கவனிக்க வேண்டியது, அதற்கு முந்தைய வருடங்களில் ஒரு பயிற்சியாளரும் ஒரு கூட்டம் பிள்ளைகளும் நாள் தவறாமல் அங்கே கூடியிருக்கிறார்கள் என்பதை. உங்களால் வாரம் மூன்று நாள்தான் வர முடியுமென்றால் மூன்று நாள் என்றே சொல்லுங்கள். ஐந்து நாள் என்று சொல்லிவிட்டு மூன்று நாள் வந்தால், மற்ற இரண்டு நாளில் அவர்கள் வேறு ஆளோடு உட்கார்ந்திருப்பார்கள்.

காகிதங்களைச் சேருங்கள்

என்னைக் கேட்டால் இந்த வேலையில் பாதி இதுதான். கவுன்சலிங், தலைமைப்பண்புப் பயிற்சி எல்லாம் இதற்குப் பிறகு.

பத்தாவதில் கணக்கில் போய்விட்டு, கேட்டரிங் வேலைக்குப் போகும் பதினேழு வயதுப் பையன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். அவனிடம் மார்க் ஷீட் எங்கே என்று கேளுங்கள். ஸ்கூல்லயே இருக்கும்ணா என்பான். போய் வாங்கவே இல்லை. டி.சி.யும் வாங்கவில்லை. ஆதாரில் பிறந்த தேதி ஒன்று, பள்ளிப் பதிவேட்டில் இன்னொன்று. ரேஷன் கார்டு பழைய முகவரியில். போன் நம்பர் மாறிவிட்டதால் ஓ.டி.பி. யாருக்கோ போகிறது. இந்த ஐந்தையும் சரிசெய்ய அவன் அம்மா ஐந்து நாள் கூலியை விட வேண்டும். அதனால் யாரும் சரிசெய்வதில்லை.

அவனோடு நீங்கள் போங்கள். முதலில் பள்ளிக்குப் போய் மார்க் ஷீட், டி.சி. பிறகு இ-சேவை மையம். பிறகு கணக்கு: துணைத் தேர்வா, தனித்தேர்வரா என்று பார்த்துக் கடைசித் தேதிக்கு முன்னால் விண்ணப்பம். கணக்கே வேண்டாம் என்று அடம்பிடித்தால் ஐ.டி.ஐ. இருக்கிறது, வெல்டர் போன்ற சில பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்பே போதும். அரசுப் பள்ளியில் ஆறாவது முதல் படித்து மேலே சேர்கிறவர்களில், பெண்ணுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்திலும் பையனுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கே வரும். ஆனால் வங்கிக் கணக்கு ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும், பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். மறுபடியும் காகிதம்தான். பன்னிரண்டாவது முடித்துவிட்டு எங்கும் சேராதவர்களுக்கு நான் முதல்வன் திட்டத்தில் 'உயர்வுக்குப் படி' முகாம்கள் நடக்கின்றன. தேதி தெரிந்துகொண்டு ஆளைக் கையோடு கூட்டிப் போக வேண்டும். முகாமில் ஸ்டால் ஸ்டாலாக நடக்கத் தயங்கி வாசலிலேயே நிற்கிற பிள்ளைகள் உண்டு.

செங்கல்பட்டு மாவட்டத்தில் இருளர் குடியிருப்புகளில் வேலை செய்வதென்றால் இன்னொன்று சேரும். பழங்குடியினர் சான்றிதழைத் தாசில்தார் தர முடியாது, கோட்டாட்சியர் தர வேண்டும். அப்பா அம்மாவுக்கே சான்றிதழ் இல்லாத வீட்டில் பிள்ளைக்கு வாங்குவது மாதக்கணக்கில் இழுக்கும். கல்லூரிச் சேர்க்கை நேரத்தில் ஓடினால் நடக்காது. பிள்ளை ஒன்பதாவது படிக்கும்போதே மனுவைப் போட்டுவிடுங்கள்.

சேர்த்த காகிதங்களை ஒவ்வொருவருக்கும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, போட்டோ எடுத்து, டிஜிலாக்கரிலும் ஏற்றச் சொல்லுங்கள். 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் அடையாறு வீட்டுக்குள் வந்தபோது சான்றிதழ்களைப் பறிகொடுத்தவர்கள் அதன் பிறகு அலைந்த அலைச்சல் அந்தப் பக்கத்தில் யாருக்கும் மறக்காது.

பதினெட்டுக்குக் கீழே

2014இன் தேசிய இளைஞர் கொள்கைப்படி இளைஞர் என்றால் 15 முதல் 29 வயது. சட்டப்படி 18க்குக் கீழ் எல்லோரும் குழந்தைகள். நடுவில் மாட்டிக்கொள்கிற அந்த மூன்று வருடத்துப் பிள்ளைகள்தான் உங்களிடம் அதிகம் வருவார்கள். எல்லா நெருக்கடியும் அங்கேதான்.

2012இன் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, பாலியல் குற்றம் நடந்தது என்று தெரிந்தவர் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது. சொல்லாமல் விட்டால் உங்களுக்கே ஆறு மாதம் வரை சிறை வரலாம். பதினேழு வயதுப் பெண்ணும் பத்தொன்பது வயதுப் பையனும் காதலிக்கிற விஷயமும் இதற்குள் வந்து விழுகிறது. வளரிளம் வயதினரின் காதலைத் தண்டிக்க வந்ததல்ல இந்தச் சட்டம் என்று 2021 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது. அது நீதிமன்றம் எடுத்த முடிவு; அந்த முடிவை நீங்கள் உங்கள் கையில் எடுத்துக்கொள்ள முடியாது. ஆகவே எந்தப் பிள்ளையாவது "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணுக்கா" என்று ஆரம்பித்தால் சத்தியம் பண்ணாதீர்கள். "உனக்கு ஆபத்துன்னா நான் சொல்லித்தான் ஆகணும், மத்ததெல்லாம் என்னோட இருக்கும்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சிலர் அதோடு எழுந்து போய்விடுவார்கள். முக்கால்வாசிப் பேர் கொஞ்ச நாளில் திரும்பி வருவார்கள்.

இரவு போன் வரும்: பையனை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தனியாகப் போகாதீர்கள், வீட்டுப் பெரியவர் ஒருவரையும் முடிந்தால் வழக்கறிஞரையும் கூட்டிப் போங்கள். இலவச சட்ட உதவிக்கு 15100. 2015இன் இளைஞர் நீதிச் சட்டப்படி 18க்குக் கீழ்ப்பட்டவரை லாக்கப்பில் வைக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தில் நிறுத்த வேண்டும். ஆனால் வயதை யார் நிரூபிப்பது? பள்ளிச் சான்றிதழ். அந்தப் பிளாஸ்டிக் உறையின் போட்டோ உங்கள் போனில் இருந்தால், பேச்சு வார்த்தை தடிக்காமல் ஐந்து நிமிடத்தில் முடியும். அங்கே குரலை உயர்த்த வேண்டாம். நாளை இன்னொரு பையனுக்காக அதே ஸ்டேஷனுக்கு நீங்கள் போக வேண்டியிருக்கும்.

உங்களுக்கும் சில கட்டுப்பாடுகள் உண்டு. மூடிய அறையில் ஒரு பிள்ளையோடு தனியாக உட்காராதீர்கள். பைக்கில் தனியாக ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். கடன் கொடுக்காதீர்கள், ஜாமீன் கையெழுத்துப் போடாதீர்கள். வழக்கில் சிக்கிய பிள்ளையின் முகம் எந்த ரிப்போர்ட்டிலும் வரக் கூடாது, மேலதிகாரி கேட்டாலும். மனம் உடைந்து பேசுகிறவருக்கு 14416 என்ற டெலி-மனாஸ் எண்ணைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடாமல், பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே அழைத்துக் கொடுங்கள்.

சம்பளம்

பெரிதாக இருக்காது. 2013இன் கம்பெனிச் சட்டம் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிடச் சொன்ன பிறகு ஒரகடம், மறைமலை நகர் தொழிற்சாலைகளின் பணம் இந்தப் பக்கம் வர ஆரம்பித்தது. ஆனால் அது மார்ச்சோடு முடிகிற ஒரு வருடப் பணம். 2020இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தி, வாங்கிய நிதியை இன்னொரு அமைப்புக்குக் கொடுப்பதைத் தடுத்தபிறகு சிறிய அமைப்புகளின் கை கட்டப்பட்டது. எனவே நேர்காணலில் கூச்சப்படாமல் கேளுங்கள்: புராஜெக்ட் எந்த மாதம் முடிகிறது, பி.எஃப். உண்டா, சாயங்கால வேலைக்குக் காலையில் ஈடு உண்டா. காலை ஒன்பதரைக்கு விரல்ரேகை வைத்து, சாயங்காலம் ஐந்தரைக்குக் கிளம்பச் சொல்லும் அலுவலகத்தில் இளைஞர் பணி நடக்காது. அந்த நேரத்தில் இளைஞர்கள் வேலையிலோ வகுப்பிலோ இருப்பார்கள்.

புராஜெக்ட் முடிவது தெரிந்தால் மூன்று மாதம் முன்பே பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அடுத்து வருகிறவரைக் கிரவுண்டுக்குக் கூட்டிவந்து சில வாரமாவது சேர்ந்து நில்லுங்கள். பாதியில் நிற்கும் விண்ணப்பங்களைப் பெயர், ரசீது எண், அடுத்துப் போக வேண்டிய தேதியோடு எழுதிக் கொடுங்கள். வேலைக்கென்று வைத்திருந்த சிம்மையும் அவரிடமே விட்டுவிட்டுப் போங்கள். அதனால்தான் அதை முதல் நாளே அமைப்பின் பெயரில் வாங்க வேண்டும். இரவு பதினொன்றரைக்கு வருகிற அழைப்பு அந்த எண்ணுக்குத்தான் வரும்.