ஜேட் செடியை வளர்ப்பதும் பெருக்குவதும்

புதுமனை புகுவிழா, கடைத் திறப்பு, பணி நிறைவு விழா என எந்நிகழ்ச்சியாயினும், பூங்கொத்துக்குப் பதிலாகச் சிறு பீங்கான் தொட்டியில் ஒரு ஜேட் செடியை அளிப்பது இன்று பெருநகரங்களில் வழக்கமாகிவிட்டது. அதைப் பெற்றுக்கொண்டவர்களுள் பலர், முதல் மழைக்காலம் முடிவதற்குள் செடி அழுகிவிட்டது என்று வருந்துவதையும் கேட்கிறோம். வறண்ட நிலத்தில் மாதக்கணக்கில் நீரின்றி வாழும் செடி, நாள்தோறும் ஒருவர் பார்த்துப் பார்த்து நீர் ஊற்றும் வீட்டில் மடிகிறது. இதன் காரணத்தை அறிந்துகொண்டால் செடியைக் காப்பதும் எளிது, ஒன்றைப் பலவாக்குவதும் எளிது.

முதலில், நம் வீட்டில் இருப்பது எந்த ஜேட் என்று பார்க்க வேண்டும். நம் நாட்டு நர்சரிகளில் இப்பெயரில் இரு வேறு செடிகள் விற்கப்படுகின்றன. ஒன்று கிராசுலா ஒவாட்டா. கட்டைவிரல் அளவோ அதனினும் பெரிதோ ஆன, தடித்த, பளபளப்பான இலைகளைக் கொண்டது. நல்ல வெயில் பட்டால் இலையோரம் சிவக்கும். மற்றொன்று போர்ட்டுலகேரியா ஆஃப்ரா. இலைகள் சட்டைப் பொத்தான் அளவே இருக்கும். தண்டு செம்பழுப்பு நிறத்தது. இரண்டும் தென்னாப்பிரிக்காவின் கிழக்குப் பகுதியைத் தாயகமாகக் கொண்டவையே எனினும், ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. இந்தியாவில் ‘ஜேட்’ என்று மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் இரண்டாவதுதான். அதில் குறையொன்றுமில்லை, கோடை வெப்பத்தை அதுவே நன்கு தாங்கும். ஆயினும் பெருக்கும் முறை இரண்டுக்கும் வேறு என்பதால் அடையாளம் தெரிந்திருப்பது நன்று. வீட்டில் நாயோ பூனையோ இருப்பின் மற்றொரு காரணமும் உண்டு: பெரிய இலைச் செடி அவற்றுக்கு நஞ்சாகும், சிறிய இலைச் செடியால் அந்த அச்சமில்லை.

அந்தச் சிறிய இலைச் செடியைத் தென்னாப்பிரிக்காவில் யானைகள் விரும்பி மேய்கின்றன. 1931-ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட ஆடோ யானைகள் தேசியப் பூங்காவில் யானைகளின் முக்கிய உணவுகளுள் இதுவும் ஒன்று. யானை முறித்துச் சிதறவிடும் கிளைகள் தரையில் கிடந்து காய்ந்து, பின்னர் அங்கேயே வேர்விடுகின்றன. நாம் கத்தரிக்கோலால் செய்யவிருப்பதும் அதே வேலைதான்.

இனி, நீரைப் பற்றி. பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து காற்றை உள்வாங்கும். அப்போது ஈரமும் ஆவியாகி வெளியேறும். கிராசுலா குடும்பத்துச் செடிகளோ இரவில் துளைகளைத் திறந்து, கரியமில வாயுவை மாலிக் அமிலமாக மாற்றிச் சேமித்து வைத்துப் பகலில் பயன்படுத்துகின்றன. இவ்வியல்பு அறியப்பட்டதில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியில் பணியாற்றிய பெஞ்சமின் ஹெய்னே என்னும் தாவரவியலாளர், ரணகள்ளி இலை காலையில் புளிக்கிறது, நண்பகலில் சுவையற்றுப் போகிறது, மாலையில் சற்றே கசக்கிறது என்று 1813-இல் எழுதிய கடிதமொன்றில் குறித்தார். ரணகள்ளியும் இதே குடும்பம்தான். ‘கட்டிப்போட்டால் குட்டிபோடும்’ என்று சிற்றூர்களில் வழங்கும் அதே செடி. போர்ட்டுலகேரியா இன்னும் சாமர்த்தியமானது: நீர் உள்ளபோது மற்றச் செடிகளைப் போலவும், வறட்சி வந்தால் இம்முறையிலும் வாழும்.

எனவே இச்செடிகள் மண்ணிலிருந்து நீரை மெல்லவே எடுக்கின்றன. எடுக்காத நீர் மண்ணில் தேங்குகிறது. தேங்கிய நீர் மண்ணிலுள்ள காற்றை வெளியேற்றுகிறது. மூச்சுத் திணறிய வேரைப் பூஞ்சணம் பற்றுகிறது. மும்பையைப் போன்ற ஊர்களில் சூன் முதல் செப்டம்பர் வரை காற்றே ஈரமாக இருப்பதால் தொட்டி உலர்வதே இல்லை. அன்பளிப்புச் செடிகள் அக்காலத்தில் மடிவதற்குக் காரணம் இதுவே. அடியில் துளையில்லாத பீங்கான் தொட்டியும், நர்சரிக்காரர்கள் நிரப்பித் தரும் தென்னைநார்க் கழிவும் இதற்குத் துணைபோகின்றன. வாங்கி வந்த சில நாள்களுக்குள் செடியைத் துளையுள்ள மண்தொட்டிக்கு மாற்றிவிட வேண்டும். ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு மக்கிய உரம், இரு பங்கு பருமணல் அல்லது செங்கல் சல்லி என்னும் கலவை போதும். கடலோர மணல் கூடாது; அதில் உப்புண்டு.

வாரம் ஒருமுறை, பத்து நாளுக்கு ஒருமுறை என்று நாள்கணக்கு வைத்து நீர் ஊற்றுவதை நாம் பரிந்துரைப்பதில்லை. தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். நீர் ஊற்றியபோது இருந்த எடைக்கும் உலர்ந்தபின் உள்ள எடைக்கும் வேறுபாடு கைக்கு விரைவில் பழகிவிடும். இலை சற்றே சுருங்கினால் தாகம். ஒருநாள் நீரில் சரியாகும். இலை மஞ்சளித்து, கண்ணாடிபோல் ஒளி ஊடுருவி, தொட்டவுடன் உதிர்ந்தால் நீர் மிகுந்துவிட்டது என்று பொருள். இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு, உதிரும் செடிக்கு மேலும் நீர் ஊற்றுவதே பெரிதும் நேர்கிறது.

பணம் பெருக இதை எத்திசையில் வைப்பது என்று வாடிக்கையாளர்கள் நம்மிடமே கேட்பதுண்டு. இருப்புக் கணக்கில் இதன் பங்கு என்னவென்று வங்கி அலுவலர்களுக்குத் தெரியாது. செடிக்கு வேண்டியது நாளுக்கு நான்கு மணி நேரமாவது காலை வெயில். கிழக்குச் சன்னல் சாலச் சிறந்தது. பணப்பெட்டியின் அருகே, குழல்விளக்கின் கீழ் வைத்தால் தண்டு ஒல்லியாக நீண்டு சாயும். தில்லி, நாகபுரி போன்ற ஊர்களின் மே மாத உச்சி வெயிலில் மறைப்புத் தேவை. உறைபனி விழும் ஊர்களில் குளிர்கால இரவுகளில் வீட்டுக்குள் எடுத்துவிட வேண்டும்.

பெருக்குவதற்கு வருவோம். பெரிய இலைச் செடியாயின் ஓர் இலையே போதும். இலையை நடுவில் கிள்ளாமல், இடவலமாக மெல்ல அசைத்து, அடிப்பாகம் சிதையாமல் பிரித்தெடுக்க வேண்டும். புதிய முளை அந்த அடியிலிருந்துதான் வரும். நிழலில் இரண்டு மூன்று நாள் உலர்த்தி, மண்கலவையின் மேல் படுக்கவைத்தால் சில வாரங்களில் வேரும், அதன்பின் பொறுமையாகச் சிறு இலைகளும் தோன்றும். தாய் இலை தானே வற்றும்வரை அதைப் பிடுங்கக் கூடாது. சிறிய இலைச் செடியில் இம்முறை அரிதாகவே பலிக்கும். அதற்குப் போத்துதான் ஏற்றது.

போத்து முறை இரண்டுக்கும் பொருந்தும். மூன்று நான்கு அங்குல நீளமுள்ள கிளையைத் தூய கத்தியால் வெட்டி, கீழ்ப்பாதி இலைகளை நீக்கி, நிழலில் வைத்துவிடுங்கள். வெட்டுவாய் காய்ந்து பொருக்குத் தட்ட மூன்று நாள் முதல் ஒரு வாரம் ஆகும். முருங்கைப் போத்தைக் கண்டவர்க்கு இது புதிதன்று. ஈரம் வடியும் வெட்டுவாயோடு நட்டால் அழுகல் உறுதி. நட்டபின்னும் ஒரு வாரம் கழித்தே முதல் நீர். மூன்று நான்கு வாரத்தில் மெல்ல இழுத்துப் பார்த்தால் பிடிமானம் தெரியும்.

ஊர் ஊராக மாற்றலாகும் நம் போன்றோருக்கு இந்த உலரும் காலம் ஒரு வசதி. தொட்டியைச் சுமக்க வேண்டியதில்லை. நான்கு போத்துகளைச் செய்தித்தாளில் சுருட்டிப் பெட்டியில் வைத்தால், இரண்டு நாள் ரயில் பயணமும் அவற்றுக்குத் தேவையான ஓய்வாகவே அமையும். நெகிழிப் பையில் மட்டும் கட்டிவிடக் கூடாது, உள்ளே வியர்த்துவிடும்.

இலைக் கக்கங்களில் வெண்பஞ்சுபோல் மாவுப்பூச்சி கண்டால், மருந்துக்கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைத்தெடுக்கலாம்.

அடித்தண்டு ஏற்கெனவே கறுத்து மெத்தென்று ஆகிவிட்ட செடிக்கும் ஒரு வழியுண்டு. வேரைக் காப்பாற்ற முயல்வதில் பயனில்லை. மேற்பகுதியை உடனே வெட்டியெடுங்கள். வெட்டுவாயில் பழுப்பு வளையமோ புள்ளியோ தெரிந்தால் கத்தியைத் துடைத்துவிட்டு இன்னும் அரை அங்குலம் மேலே வெட்டுங்கள். உள்ளே முழுவதும் வெளிர்பச்சையாகத் தெரியும்வரை இவ்வாறே செல்ல வேண்டும். ஈரல் அங்குலம் மிஞ்சினாலும் போதும். மழைக்காலமாயின் அதை இரண்டு வாரம்வரை உலரவிட்டு, பழைய மண்ணைக் கொட்டிவிட்டுப் புதுக் கலவையில் நடலாம்.