மஹல்லாவின் முதியோர் யார் பொறுப்பு?

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக.



முதியோர் என்றதும் மிம்பர்களில் பெற்றோரைப் பேணுவது பற்றிப் பேசுகிறோம். அது பேசப்பட வேண்டியதுதான். ஆனால் அந்தப் பேச்சுக்குள் அடங்காத முதியோர் ஒவ்வொரு மஹல்லாவிலும் இருக்கிறார்கள். பிள்ளைப் பாக்கியமே இல்லாத தம்பதி. பெற்ற பிள்ளையை மண்ணுக்குக் கொடுத்துவிட்ட தாய். மகன்கள் துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்க, பெரிய வீட்டில் தனியாகப் படுத்து எழும் வாப்பா. இவர்களில் சிலருக்குப் பணம் வருகிறது, ஆனால் கைபிடித்துக் குளியலறைக்குக் கூட்டிப்போக ஆள் இல்லை. இவர்களுக்கு யார் பொறுப்பு என்பதே இந்த வாரத்தின் பாடம்.

முதுமை சொல்லிவிட்டு வரும் பருவம்

மனிதனைப் பலவீனத்தில் படைத்து, பிறகு பலத்தைக் கொடுத்து, அதன்பின் மீண்டும் பலவீனத்தையும் நரையையும் தருவதாக அல்லாஹ் கூறுகிறான் (அல்குர்ஆன் 30:54). அறிந்திருந்ததையும் மறந்துபோகும் தள்ளாத வயதுவரை சிலர் கொண்டுசெல்லப்படுவார்கள் என்றும் கூறுகிறான் (16:70). அந்தத் தள்ளாத வயதை விட்டும் நபி (ஸல்) அவர்கள் பாதுகாப்புத் தேடியதாக புகாரியில் ஹதீஸ் வருகிறது.

திடீரென்று வரும் ஆபத்துக்கு ஆயத்தமாக இல்லாமல் போனால் அதற்குக் காரணம் சொல்லலாம். அல்லாஹ் முன்கூட்டியே சொல்லிவிட்ட ஒன்றுக்கு ஆயத்தமாகாமல் இருக்க என்ன காரணம் சொல்வோம்? மழைக்காலத்துக்கு முன்பே கூரையைச் சரிசெய்கிறோம். பெண் குழந்தை பிறந்த அன்றே அவளுடைய கல்யாணத்துக்குச் சேமிக்கத் தொடங்குகிறோம். முதுமைக்கு மட்டும் ஊர் அளவில் எந்த ஏற்பாடும் இல்லை.

முதல் பொறுப்பு பிள்ளைகளுக்கே

இதில் சமரசம் இல்லை. பெற்றோரை "சீ" என்றுகூடச் சொல்லாதே, விரட்டாதே, பணிவின் இறக்கையைத் தாழ்த்து என்று கட்டளையிடும் வசனங்களை (17:23, 24) நாம் அறிவோம். அதில் வரும் ஒரு சொல்லைக் கவனியுங்கள். பெற்றோரில் ஒருவரோ இருவருமோ முதுமையை அடைந்தால் என்று மட்டும் அல்லாஹ் சொல்லவில்லை. "இந்தக", அதாவது உன்னிடத்தில் முதுமையை அடைந்தால் என்று சொல்கிறான். முதிர்ந்த பெற்றோர் பிள்ளையின் அருகில் இருப்பார்கள் என்பதை வைத்தே வசனம் பேசுகிறது.

ஏழையான பெற்றோருக்குச் செலவு கொடுப்பது வசதியுள்ள பிள்ளை மீது கடமை என்று ஃபுகஹாக்கள் எழுதுகிறார்கள். மகன் மீது மட்டுமல்ல, வசதியுள்ள மகள் மீதும் அது கடமை. பணிவிடைக்கு ஆள் தேவைப்படும் நிலையில் அந்த ஆளுக்கான கூலியும் அந்தச் செலவில் சேரும். இந்தக் கடமை இருப்பதனால்தான் தன் பெற்றோருக்கு ஜகாத் கொடுத்தால் நிறைவேறாது. அவர்களுக்குக் கொடுப்பது நம் கடன், அந்தக் கடனை ஜகாத் கணக்கில் எழுத முடியாது.

நாட்டின் சட்டமும் இதைச் சொல்கிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ல் வந்தது. தன்னைப் பராமரித்துக்கொள்ள முடியாத பெற்றோர் தீர்ப்பாயத்தில் மனுக் கொடுத்து, பிள்ளைகளிடமிருந்து மாதாந்திரச் செலவைப் பெறலாம். தன்னைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் எழுதிக் கொடுத்த சொத்தை, பராமரிக்காதபோது ரத்து செய்யவும் 23-ஆம் பிரிவு வழிசெய்கிறது. நம் கடற்கரை ஊர்களில் மகளுக்கு வீடு கொடுப்பது வழக்கம். கொடுங்கள், பரக்கத் செய்யட்டும். ஆனால் கடைசி வீட்டையும் எழுதிக் கொடுக்கும் பெரியவர்கள், தாங்கள் ஆயுள் முழுவதும் அங்கே வாழ்வதையும் பராமரிக்கப்படுவதையும் அந்தப் பத்திரத்திலேயே எழுதிக்கொள்வது நல்லது. பிள்ளைமீது சந்தேகம் என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். கடன் கொடுக்கல் வாங்கலையே எழுதிக்கொள்ளச் சொன்ன மார்க்கம் இது.

பிள்ளையின் கை எட்டாதபோது

மத்யன் நகரத்துக் கிணற்றடியில் இரண்டு பெண்கள் ஆடுகளைத் தடுத்து நிறுத்திக்கொண்டு ஒதுங்கி நின்ற வரலாற்றை சூரத்துல் கஸஸில் (28:23-27) அல்லாஹ் சொல்கிறான். காரணம் கேட்ட மூஸா (அலை) அவர்களிடம், மேய்ப்பர்கள் போகும்வரை தாங்கள் தண்ணீர் புகட்ட முடியாது என்றும், தங்கள் தந்தை மிகவும் வயதானவர் என்றும் அந்தப் பெண்கள் கூறினார்கள். மூஸா (அலை) உடனே இறைத்துப் புகட்டினார்கள்.

நாம் வழக்கமாக இந்த இடத்தோடு நிறுத்திவிடுகிறோம். வரலாறு நிற்கவில்லை. மறுநாளும் ஆடுகளுக்குத் தாகம் எடுக்கும், மறுநாளும் அந்த மேய்ப்பர்கள் இருப்பார்கள், மறுநாளும் தந்தை வயதானவராகவே இருப்பார். அதனால்தான் ஒரு மகள், இவரைப் பணிக்கு அமர்த்திக்கொள்ளுங்கள், பலமும் நம்பிக்கையும் உள்ளவர் என்று யோசனை சொன்னார். எட்டு ஆண்டுகள், விரும்பினால் பத்து ஆண்டுகள் என்று ஒப்பந்தம் ஆனது. தண்ணீர் இறைத்துக் கொடுத்தது ஒரு நாள் உதவி. எட்டு ஆண்டு ஒப்பந்தம் அந்த வீட்டுக்குக் கிடைத்த ஏற்பாடு. ரமளானில் ஒரு பை அரிசி கொடுத்துவிட்டு வரும் நாம் இன்னும் கிணற்றடியிலேயே நிற்கிறோம்.

"இவரும் இவரைப் போன்றவர்களும்"

உமர் (ரலி) அவர்கள் ஒரு வாசலில் யாசித்துக்கொண்டிருந்த பார்வையற்ற முதியவரைக் கண்டார்கள். விசாரித்தபோது அவர் யூதர் என்றும், ஜிஸ்யா வரியும் தேவையும் முதுமையும் இந்த நிலைக்குத் தள்ளியதாகவும் தெரிந்தது. அவரைக் கைபிடித்துத் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்று இருந்ததைக் கொடுத்தார்கள். பிறகு பைத்துல்மாலின் பொறுப்பாளரை அழைத்து, இவரையும் இவரைப் போன்றவர்களையும் கவனியுங்கள் என்று உத்தரவிட்டார்கள். இளமையில் அவருடைய உழைப்பை உண்டுவிட்டு முதுமையில் கைவிடுவது நீதியல்ல என்றும் கூறினார்கள். இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்கள் கிதாபுல் கராஜில் இதைப் பதிவு செய்துள்ளார்கள்.

"இவரைப் போன்றவர்களும்" என்ற அந்தச் சொல்லில்தான் சட்டம் இருக்கிறது. முதலில் கொடுத்தது உமருடைய தர்மம். அதன் பிறகு செய்தது ஆட்சியாளரின் ஏற்பாடு. அடுத்த வாசலில் நிற்கும் முதியவர், உமருடைய கண்ணில் பட வேண்டிய அவசியமில்லாமல் உதவி பெறுவார். இதற்கும் முன்னரே, காலித் பின் வலீத் (ரலி) அவர்கள் ஹீரா நகரத்தாருடன் செய்த உடன்படிக்கையில், உழைக்க முடியாமல் முதுமையடைந்தவருக்கு வரி நீக்கப்பட்டு, அவரும் அவர் குடும்பமும் பைத்துல்மாலிலிருந்து பராமரிக்கப்படுவார்கள் என்ற வாக்குறுதி இடம்பெற்றது.

பிற்காலத்தவரும் இந்த வழியில் நடந்தார்கள். கெய்ரோவில் ஹிஜ்ரி 684-ல் சுல்தான் பைபர்ஸின் மகள், ஆதரவற்ற பெண்கள் தங்கி வாழ ரிபாத்துல் பக்தாதிய்யா என்ற இல்லத்தை அமைத்தார். இஸ்தான்புல்லில் சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது காலத்தில் 1896-ல் திறக்கப்பட்ட தாருல் அஜஸா இன்றும் இயங்குகிறது. அதன் வளாகத்தில் பள்ளிவாசலுடன் தேவாலயமும் யூதர்களின் ஆலயமும் உண்டு.

ஆட்சி நம் கையில் இல்லாத இடத்தில் இந்தப் பொறுப்பு போய்விடுமா? ஜகாத்தாலும் பைத்துல்மாலாலும் தீராத தேவை இருந்தால், பசித்தவருக்கு உணவும் உடையற்றவருக்கு உடையும் கொடுத்துத் துயர் நீக்குவது ஃபர்ளு கிஃபாயா என்று இமாம் நவவி (ரஹ்) மின்ஹாஜில் எழுதுகிறார்கள். ஜனாஸா தொழுகையைப் போல, ஊரில் சிலர் செய்தால் எல்லோருக்கும் கடமை நீங்கும். யாரும் செய்யாவிட்டால், செய்ய முடிந்தும் விட்டவர்கள் அனைவரும் குற்றவாளிகள்.

நாளை இன்னும் கூடும்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நூறு பேரில் சுமார் 10 பேர் அறுபது வயதைக் கடந்தவர்கள். 2036-ல் ஐந்தில் ஒருவர் அந்த வயதில் இருப்பார் என்று மத்திய அரசின் மதிப்பீடு சொல்கிறது. இன்று முப்பத்தைந்து, நாற்பது வயதில் பின் ஸஃப்பில் நிற்கும் தம்பிமார்களே, அந்தக் கணக்கில் வரப்போவதும், அதற்குப் பின் வரும் கணக்கில் இருக்கப்போவதும் உங்கள் வாப்பா, உம்மா, பிறகு நீங்கள்.

முடியுமா என்று கேட்பவர்கள் பக்கத்திலுள்ள மலப்புறத்தைப் பாருங்கள். 1993-ல் கோழிக்கோட்டில் தொடங்கிய நோய்த்தணிப்புச் சேவை, சில ஆண்டுகளில் மலப்புறம் மாவட்டத்தில் ஊர்மக்களின் இயக்கமாக மாறியது. பயிற்சி பெற்ற உள்ளூர்த் தன்னார்வலர்கள் படுக்கையில் இருப்பவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கிறார்கள். செவிலியர் புண்ணுக்கு மருந்திடுகிறார். செலவின் பெரும்பகுதி உள்ளூர் மக்களின் சிறு சிறு நன்கொடை. 2008-ல் கேரள அரசே அதற்கென ஒரு கொள்கையை வகுத்தது.

மஹல்லா செய்ய வேண்டியவை

முதலாவது, கணக்கெடுப்பு. பள்ளிவாசலைப் பெருக்கிச் சுத்தம் செய்துகொண்டிருந்த ஒருவரைக் காணவில்லை என்றதும் நபி (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். இறந்து அடக்கப்பட்டுவிட்டதாகச் சொன்னபோது, தமக்கு ஏன் அறிவிக்கவில்லை என்று கேட்டு, கப்ருக்குச் சென்று தொழுதார்கள் (புகாரி, முஸ்லிம்). ஃபஜ்ரில் வழக்கமாக வரும் பெரியவர் மூன்று நாள் வராவிட்டால் நம்மில் யார் கவனிக்கிறோம்? பள்ளிக்கு வராத மூதாட்டிகளை யார் அறிவார்? ஒவ்வொரு தெருவுக்கும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் பொறுப்பேற்றுப் பட்டியல் எடுக்கட்டும். இரவில் வீட்டில் உடன் படுப்பவர் யார், மருந்து வாங்கித் தருபவர் யார், மறுசாவி யாரிடம், பிள்ளைகளின் தொலைபேசி எண் என்ன என்ற நான்கு கேள்வி போதும். பட்டியல் அமானிதம். டீக்கடையில் பேசுவதற்கல்ல.

இரண்டாவது, வீட்டிலேயே வாழ உதவி. மக்கா வெற்றியின்போது அபூபக்ர் (ரலி) தம் வயதான தந்தை அபூகுஹாஃபாவை அழைத்து வந்தபோது, பெரியவரை வீட்டிலேயே விட்டிருக்கலாமே, நாமே அவரிடம் வந்திருப்போமே என்று நபி (ஸல்) கேட்டார்கள் (முஸ்னத் அஹ்மத்). இந்த ஒரு பண்பை வைத்துத் திட்டமிடுங்கள். குளியலறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, உட்கார்ந்து எழ வசதியான கழிப்பறை, மதியத்துக்கு ஒரு டிபன் கேரியர் சாப்பாடு. இவை பெரிய செலவில்லை. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. முதியோர் உதவித்தொகை 2023-ல் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. தகுதியிருந்தும் விண்ணப்பிக்கத் தெரியாதவர்களுக்கு ஜமாஅத் இளைஞர்கள் எழுதிக் கொடுக்கலாம். முதியோருக்கான 14567 என்ற உதவி எண்ணைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கலாம். பணிவிடையில் பயிற்சி கொடுத்தால் ஊரின் விதவைப் பெண்களுக்குக் கண்ணியமான வேலையும் கிடைக்கும்.

மூன்றாவது, வீடே இல்லாதவருக்கு இருப்பிடம். ஊருக்கு வெளியே பொட்டலில் வேண்டாம். பாங்கு காதில் விழும் தூரத்தில், பேரப்பிள்ளைகள் விளையாடும் தெருவில், தரைத்தளத்தில் நான்கைந்து அறைகள் போதும். கணவன் மனைவியைப் பிரிக்கக் கூடாது. கட்டடத்துக்கு வசூல் செய்வது எளிது, ஐந்தாம் வருடத்தின் சமையல் செலவும் சம்பளமும்தான் கடினம். எனவே முதலில் வருமானத்துக்கு வழி செய்யுங்கள். கைபரில் கிடைத்த நிலத்தை உமர் (ரலி) விற்கவோ, அன்பளிப்பாகக் கொடுக்கவோ, வாரிசுரிமையாகவோ கூடாதென நிறுத்தி, அதன் விளைச்சலைத் தேவையுள்ளோருக்கு ஆக்கினார்கள் (புகாரி). ஒரு கடையின் வாடகையை இதற்கென வக்ஃப் செய்பவர் கப்ரில் இருந்துகொண்டே முதியவருக்குச் சோறு போடுவார். ஜகாத் பணத்தில் கட்டடம் கட்ட வேண்டாம். ஜகாத் உரியவரின் கையில் உடைமையாகச் சேர வேண்டும். அதை ஏழை முதியவருக்கு நேரடியாகக் கொடுங்கள், கட்டடத்துக்கு ஸதகாவும் வக்ஃபும் இருக்கின்றன.

ஓர் ஆட்சேபம்

இப்படி இல்லம் கட்டினால் பிள்ளைகள் பெற்றோரைத் தள்ளிவிட வசதியாகிவிடுமே என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கவலை. அதற்கு விதிகளால் கதவு போடலாம். வசதியுள்ள பிள்ளை இருப்பவர் வந்தால், ஜமாஅத் முதலில் அந்தப் பிள்ளையை அழைத்துப் பேசட்டும். வெளிநாட்டில் இருந்தால் தொலைபேசியில் பேசட்டும். பிறகும் வழியில்லை என்றால் இடம் கொடுத்து, செலவை அந்தப் பிள்ளையிடமே வாங்கட்டும். ஆனால் கெட்ட பிள்ளைக்குப் பயந்து, பிள்ளையே இல்லாத மூதாட்டியைத் திண்ணையில் படுக்க வைப்பது எந்த நீதி?

தொழ வைக்கும் இமாம், பின்னால் பலவீனரும் நோயாளியும் முதியவரும் இருப்பதால் தொழுகையைச் சுருக்கட்டும் என்று நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள் (புகாரி). முதியவரின் முழங்காலை நினைத்துத் தொழுகையின் நீளத்தையே திட்டமிடச் சொன்ன மார்க்கம் இது. அந்தத் தொழுகை நடக்கும் ஊரின் வரவு செலவில் அவருக்கென ஒரு வரி இருக்க வேண்டாமா? அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் இதைப் பேச வையுங்கள். இன்று வீடு திரும்பும்போது, உங்கள் தெருவில் தனியாக வாழும் ஒருவரின் கதவைத் தட்டி ஸலாம் சொல்லிவிட்டுப் போங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் பெற்றோருக்கும் எங்கள் மஹல்லாவின் முதியோருக்கும் ஆரோக்கியத்தையும் கண்ணியத்தையும் தருவாயாக! அவர்களைச் சுமையாகக் கருதாத உள்ளத்தை எங்களுக்குத் தருவாயாக! தள்ளாத வயதின் இழிவை விட்டும் எங்கள் அனைவரையும் பாதுகாப்பாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.