திரையில் தொடங்குங்கள், மெகாபைட்டில் அல்ல

சின்னத் திரையோடு ஒரு கருவி செய்ய இறங்குகிறவர்கள் முதலில் கேட்பது, இருப்பதிலேயே சிறிய லினக்ஸ் எது என்றுதான். இந்தத் தொழிலில் காசையும் காலத்தையும் மிக அதிகமாக விழுங்குவது இந்தக் கேள்விதான் என்று உறுதியாகச் சொல்வேன். போர்டுகளில் இப்போது சாதாரணமாக வரும் இஎம்எம்சி சேமிப்பு 4 அல்லது 8 ஜிகாபைட். அதில் 20 மெகாபைட் இமேஜ் போட்டாலும் 120 மெகாபைட் இமேஜ் போட்டாலும் வாங்குகிறவருக்குத் தெரியப் போவதில்லை. படம் வருகிறதா, தொட்டால் உடனே நகர்கிறதா, கரண்ட் போய் வந்தபின் கருவி மறுபடி எழுகிறதா என்பதுதான் அவருக்குத் தெரியும். ஆகவே திரையிலிருந்து கீழே இறங்கி வாருங்கள். இந்தத் திரைக்கு எந்த டிரைவர், அந்த டிரைவர் எந்தக் கெர்னலில் இருக்கிறது, அது எந்த சி நூலகத்தோடு ஒத்துப்போகும் என்று வரிசையாகக் கேட்டால், கடைசியில் டிஸ்ட்ரோவின் பெயர் தானாகவே முடிவாகிவிடும்.

ஆல்பைன் லினக்ஸையே எடுத்துக்கொள்வோம். 2014 முதல் மஸ்ல் என்ற சி நூலகத்தின்மேல் நிற்கிறது, அடிப்படை அமைப்பு சில மெகாபைட்தான், கட்டுக்கோப்பானது. எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு. ஆனால் சிப் தயாரிப்பாளர்கள் தரும் மூடிய ஜிபியு நூலகங்கள் பெரும்பாலும் ஜிலிப்சி என்ற இன்னொரு சி நூலகத்துக்காகவே கம்பைல் செய்யப்பட்டவை; மஸ்லில் அப்படியே ஓடாது. ஜிலிப்சி நிரல்களை மஸ்லில் ஓட்ட ஜிகம்பேட் இருக்கிறதே என்பார்கள். ஏதோ ஒரு சிறிய நிரலை ஓட்ட அது கைகொடுக்கும். ஆனால் கிராஃபிக்ஸ் டிரைவரையே அதன்மேல் நிறுத்தி, அந்தக் கருவியை விற்பது பொறுப்பான வேலை இல்லை. மூடிய நூலகம் இன்னொரு தளையையும் போடுகிறது. அதன் கெர்னல் மாட்யூல் எந்தக் கெர்னலுக்காகச் செய்யப்பட்டதோ, அந்தக் கெர்னலிலேயே நீங்களும் தங்கிவிட வேண்டியதுதான். மாலி-400 வைத்த ஆல்வின்னர் போர்டுகள் பல ஆண்டுகள் 3.4 போன்ற பழைய கெர்னலில் சிக்கிக் கிடந்தது இப்படித்தான். 2019-இல் 5.2 கெர்னலில் லீமா, பான்ஃப்ராஸ்ட் என்ற திறந்த டிரைவர்கள் சேர்ந்தபின் மாலி சிப்களுக்கு அந்தக் கட்டு தளர்ந்தது. ஐ.எம்.எக்ஸ் 6-இல் இருக்கும் விவான்டே ஜிபியுவுக்கு எட்னாவிவ் என்ற திறந்த டிரைவர் 2016-லேயே மெயின்லைன் கெர்னலுக்குள் வந்துவிட்டது. இப்படித் திறந்த டிரைவர் இருந்தால் ஆல்பைனும் சரி, வேறெதுவும் சரி, மீசா கிராஃபிக்ஸ் நூலகத்தோடு நன்றாக ஓடும். அதாவது, டிஸ்ட்ரோவைத் தேர்ந்தெடுக்கும் உரிமையே சிப்பைத் தேர்ந்தெடுக்கும்போதுதான் கிடைக்கிறது.

ஜிபியுவே வேண்டாத கருவிகளும் நிறைய. எஸ்பிஐ கம்பிகளில் ஓடும் 320-க்கு 240 திரைக்கு, 16 பிட் நிறத்தில், ஒரு முழுப் படம் என்பது 12,28,800 பிட். கடிகாரம் 10 மெகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 8 படங்கள். 32 மெகாஹெர்ட்ஸ் என்றால் 26. உள்ளே எவ்வளவு வலிமையான ஜிபியு இருந்தாலும் கம்பி இதற்குமேல் அனுப்பாது. மாறிய பகுதியை மட்டும் திருப்பி வரைகிற எல்விஜிஎல் போன்ற நூலகம் இங்கே சரியான தேர்வு. ஆனால் பழைய ஃப்ரேம்பஃபர் டிரைவர்களின் பக்கம் போகாதீர்கள். அவற்றில் ஒன்றான எஃப்பிடிஎஃப்டி இன்னும் கெர்னலின் ஸ்டேஜிங் பகுதியில்தான் இருக்கிறது. 2022-இல் வந்த 5.18 கெர்னலிலேயே இந்த வகைத் திரைகளுக்கு, கெர்னலின் கிராஃபிக்ஸ் அமைப்பான டிஆர்எம்மில் பொதுவான டிரைவர் வந்துவிட்டது.

இமேஜை மெலிதாக்குகிறவர்கள் முதலில் வெட்டித் தள்ளுவது எழுத்துருக் கோப்புகளையும், எழுத்தை வடிவமைக்கும் ஹார்ஃப்பஸ் நூலகத்தையும். ஆங்கிலத்தில் பட்டன் வைத்தால் ஒன்றும் தெரியாது. 'வெப்பநிலை' என்று தமிழில் வையுங்கள். வடிவமைக்கும் நூலகம் இல்லாத இடத்தில் யூனிகோடு வரிசைப்படியே எழுத்துகள் விழும்: வகரத்துக்கு முன்னால் வரவேண்டிய கொம்பு அதற்குப் பின்னால் போய்ப் பகரத்தின் முன்னால் ஒட்டிக்கொள்ளும், லகரத்தின் ஐகாரக் குறி சொல்லின் கடைசியில் தொங்கும். கடையில் ஒருவர் அந்தத் திரையைப் பார்த்தால் மறுபடி அந்தக் கருவியைத் தொடமாட்டார். எல்விஜிஎல் அரபு எழுத்துகளை இணைத்துக் காட்டும். நம் எழுத்துக்கு அந்த வேலையைத் தானாகச் செய்யாது. க்யூட்டி என்ற இடைமுக நூலகத்தில் ஹார்ஃப்பஸ் உள்ளேயே இருக்கிறது. க்யூட்டி கனமானது என்ற புகார் உண்மைதான். தமிழ் சரியாகத் தெரிவதற்காகக் கூடுகிற மெகாபைட்டுகளை நான் தயங்காமல் கொடுப்பேன்.

டெபியன் போட்டால் எல்லாப் பேக்கேஜும் கிடைக்குமே, எதற்கு இந்தப் பாடு என்று கேட்பார்கள். மேசைமேல் மாதிரி செய்து பார்க்க டெபியன்தான் சிறந்தது. அங்கே அதோடு நான் சண்டைக்குப் போகமாட்டேன். ஆனால் எழுதக்கூடிய ரூட் பகுதியோடு அதை எஸ்டி கார்டில் போட்டு, அடிக்கடி கரண்ட் போகிற கடைக்கு அனுப்பினால், எழுதிக்கொண்டிருக்கும்போது ஒருமுறை கரண்ட் போனாலே கார்டு கெட்டுப்போகலாம். ஸ்குவாஷ்எஃப்எஸ்ஸில் படிக்க மட்டுமான ரூட், அமைப்புகளுக்குத் தனிப் பகுதி, ராக் அல்லது எஸ்டபிள்யூஅப்டேட் என்ற புதுப்பிப்புக் கருவி கொண்டு இரண்டு பகுதிகளை மாற்றி மாற்றிப் புதுப்பிப்பது: இவற்றைக் கட்டவே ஒரு பில்டு கருவி வேண்டும். இந்த இடத்தில் யோக்டோ என்ற பில்டு கருவிதான் தொழில்முறை என்று சிலர் அழுத்திச் சொல்வார்கள். ஒரே பொருளை ஐந்தாறு போர்டுகளில் விற்கிற நிறுவனத்துக்கு அது நியாயம். ஏற்கெனவே கட்டியதைத் திரும்பப் பயன்படுத்தும் அதன் கேஷ் அங்கே உழைப்பை மிச்சப்படுத்தும். இரண்டு மூன்று பேர், ஒரு போர்டு, ஒரு திரை என்று இருக்கிற நம்மைப் போன்றவர்களுக்கு பில்ட்ரூட் என்ற எளிய பில்டு கருவி போதும். ஒரு மெனு, ஒரு கான்ஃபிக் கோப்பு, ஒரு மேக் கட்டளை. கருவியில் பேக்கேஜ் மேனேஜர் இருக்காது, பெரிய மாற்றம் செய்தால் முழுவதும் மறுபடி பில்டு செய்ய வேண்டும் என்பவை அதன் குறைகள். இமேஜ் முழுவதையும் ஒன்றாக மாற்றுகிற கருவிக்கு முதலாவது குறையே இல்லை. இரண்டாவதை இரவில் ஓடவிட்டுக்கொள்ளலாம். போர்டு வாங்கும் முன் பில்ட்ரூட்டின் கான்ஃபிக்ஸ் அடைவில் அந்தப் போர்டின் பெயர் இருக்கிறதா, அந்தக் கான்ஃபிக் மெயின்லைன் கெர்னலை எடுக்கிறதா, தயாரிப்பாளரின் கெர்னலை எடுக்கிறதா என்று திறந்து பாருங்கள். தயாரிப்பாளரின் பழைய கெர்னல் என்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்தப் போர்டை நான் வாங்கமாட்டேன்.