டேங்கை நீயே திறந்து பார்

வடகரை,
ஆடி மாதம்

அன்புள்ள மருமகளுக்கு,

நீ தனியாக விமானம் ஓட்டி இறக்கிய சேதியை உன் அம்மா தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள். அடுத்தது ஊர் விட்டு ஊர் தனியாகப் பறக்க வேண்டுமாமே. விமானப்படையில் தரைப்பணி பார்த்தவன் என்பதால் எரிபொருளைப் பற்றி உன்னிடம் பேச எனக்கு உரிமை இருக்கிறது.

எஞ்சினில் ஒரு குறையும் இருக்காது, வானமும் தெளிவாக இருக்கும். ஆனாலும் டேங்க் வறண்டு வயலிலும் சாலையிலும் இறங்கிய சிறு விமானங்கள் உலகெங்கும் உண்டு. பெரிய விமானமும் தப்பவில்லை. 1993 நவம்பர் 15 அன்று சென்னையிலிருந்து ஹைதராபாத் போன இந்தியன் ஏர்லைன்ஸ் ஏர்பஸ் ஏ300, அங்கே பார்வைத் தெளிவு இல்லாததால் இறங்காமல் மேலேறியது. இறக்கையின் ஃபிளாப் முழுதாக உள்ளே மடங்கவில்லை. அப்படியே சென்னைக்குத் திரும்பினார்கள். நீட்டிய ஃபிளாப் காற்றை எதிர்த்து நிற்கும். வேகம் குறையும், எரிபொருள் மளமளவென்று இறங்கும். வழக்கமான கணக்கு அங்கே செல்லாது. திருப்பதிக்குத் திருப்பியும் ஓடுபாதை எட்டவில்லை. நெல் வயலில் இறக்கினார்கள். 262 பேரும் பிழைத்தது பெரும் பேறு.

எல்லோருக்கும் அது வாய்ப்பதில்லை. 1990 ஜனவரியில் நியூயார்க்கை நெருங்கிய ஏவியாங்கா விமானம் ஒரு மணி நேரத்துக்கும் மேல் வானில் காத்து நின்றது. எரிபொருள் குறைகிறது என்று சொன்னார்கள். அவசரநிலை என்று மட்டும் சொல்லவில்லை. 73 பேர் மாண்டார்கள். எனக்கு உன்னை நினைத்துக் கவலை இங்கேதான். பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே என்று சொல்லிச் சொல்லி உன்னை வளர்த்தோம். அந்த அடக்கத்தை விமானத்துக்குள் கொண்டுபோகாதே. குறைகிறது என்றால் டவரிடம் ‘மினிமம் ஃப்யூயல்’ என்று சொல். கையிருப்பில் கைவைக்க வேண்டி வரும் என்று தெரிந்த நிமிடமே ‘மேடே ஃப்யூயல்’ என்று மூன்று மேடேயும் சேர்த்துச் சொல். யார் திட்டினாலும் தரையில் வந்து வாங்கிக்கொள்ளலாம்.

காற்றையும் குறைத்து எடைபோடாதே. இப்போது செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்றில் சுரண்டைப் பக்கத்துக் காற்றாலைகள் நிற்காமல் சுற்றுகின்றன. உன் விமானம் 100 நாட் வேகம் என்று வை. 150 கடல் மைலுக்கு ஒன்றரை மணி நேரம். எதிர்க்காற்று 25 நாட் அடித்தால் இரண்டு மணி நேரம். பல நாடுகளில் பகல் பறப்புக்குக் கேட்கும் 30 நிமிடக் கையிருப்பு அதிலேயே தீர்ந்துவிடும். ஆகவே எத்தனை மணிக்கு எங்கே இருக்க வேண்டும், இல்லையென்றால் எங்கே இறங்குவது என்பதைத் தரையிலேயே எழுதி வைத்துக்கொள். மேலே போனபிறகு மனசு ‘இன்னும் கொஞ்சம்தானே’ என்று பேரம் பேசும். அப்போது எழுதிய தாளுக்கு மட்டும் கட்டுப்படு.

பறப்பதற்கு முன் ஒவ்வொரு முறையும் ஏறி, உன் செஸ்னாவின் இறக்கை மேலுள்ள டேங்க் மூடியைத் திற. அளவுக்குச்சியை விட்டு, ஈரம் எந்தக் கோடு வரை நிற்கிறது என்று பார். அடியிலிருந்து கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் வடித்து வெளிச்சத்தில் பிடி. நீல நிறம் இருக்க வேண்டும். தண்ணீர் இருந்தால் கீழே தனியாகத் தேங்கும். ‘நான் பார்த்துட்டேன்மா’ என்று எவ்வளவு நல்லவர் சொன்னாலும் நன்றி சொல்லிவிட்டு நீயும் ஏறிப் பார்.

தனிப் பறப்புக்குப் போகும் அன்று காலையிலேயே சொல்லிவிடு. இறங்கியதும் முதல் போன் அம்மாவுக்குப் போடு.

அன்புடன்,
மாமா