தேத்தண்ணீரும் இரும்புச் சத்தும்

வியாபார சகோதரர்களே, நாம் தேத்தூளை நிறுத்துக் கொடுப்பதோடு வேலை முடிவதில்லை. "இது உடம்புக்கு என்ன செய்யும்?" என்று கேட்பவருக்குப் பதிலும் சொல்லியாக வேண்டும். அந்தப் பதிலில் நான் ஒரு முறை தவறினேன்.

கர்ப்பிணியான மகளுக்காக ஒரு தாயார் கடைக்கு வந்தார். "பாய், பிள்ளைக்கு ரத்தம் குறைவாம். கடுஞ்சாயத் தேத்தண்ணீர் குடித்தால் ரத்தம் ஊறுமா?" என்றார். சாயம் கறுப்பாயிருக்கிறதே, இரும்பு மிகுதியாய் இருக்குமென்றெண்ணி, "நன்றாக ஊறும் அம்மா, சோற்றோடு கொடுங்கள்" என்று தூளையும் கட்டிக் கொடுத்தேன்.

பின்னர் படித்தறிந்தது இதற்கு நேர்மாறு. தேயிலையில் இரும்பு உண்டு. ஆனால் வெந்நீரில் அது மிகச் சொற்பமாகவே இறங்குகிறது. ஒரு குவளையில் ஒரு மில்லிகிராமில் பத்திலொரு பங்குகூடத் தேறாது. கர்ப்பிணிக்கோ நாளொன்றுக்கு 27 மில்லிகிராம் வேண்டும். அதுவுமன்றி, தேயிலையின் துவர்ப்புப் பொருள் கீரை, பருப்பு, தானியம் இவற்றிலுள்ள இரும்பைக் குடலிலேயே பற்றிக்கொண்டு, உடம்பில் சேரவிடாமல் தடுக்கிறது. இறைச்சியிலும் மீனிலுமுள்ள ரத்த இரும்புக்கு இந்தத் தடை அவ்வளவு இல்லை.

1999-இல் வெளியான ஓர் ஆய்வில், ரொட்டியோடு கறுப்புத் தேநீர் குடித்தவர்களுக்கு இரும்பு சேர்வது 79 முதல் 94 சதவீதம் வரை குறைந்தது. பால் கலந்தும் பெரிய மாற்றமில்லை. நாம் "மூலிகைதானே" என்று விற்கும் புதினாக் கஷாயமும் 84 சதவீதம் குறைத்தது!

அப்படியானால் நீரில் இறங்குவது எது? மாங்கனீசு தாராளமாய் இறங்குகிறது. ஒரு குவளையிலேயே ஏறத்தாழ அரை மில்லிகிராம். பெண்களுக்கு நாளொன்றுக்கு வேண்டியது 1.8 மில்லிகிராம்தான். ஃபுளோரைடும் இறங்கும். முதிர்ந்த இலையில் அது கூடுதல். திபெத்தில் முற்றிய இலையை அழுத்திச் செய்த கட்டித் தேயிலையை ஓயாமல் காய்ச்சிக் குடித்தவர்களுக்குப் பல்லும் எலும்பும் கெட்டதுண்டு. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு ஆகாதென்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் வரம்பு. மலிவுத் தூளில் காய்ச்சிய கடுஞ்சாயம் அதைத் தாண்டிவிடும்.

மறு வாரம் அந்தத் தாயார் வந்தார். "நான் சொன்னது தவறம்மா. சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது கழியட்டும், பிறகு குடிக்கட்டும். சோற்றோடு எலுமிச்சை பிழிந்து கொடுங்கள், இரும்பு சேர உதவும். டாக்டர் தந்த மாத்திரையைத் தேத்தண்ணீரோடு விழுங்க வேண்டாம்" என்றேன்.

"அப்படியானால் மீதித் தூளைத் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா, பாய்?" என்றார். பிரித்த பொட்டலந்தான், எடுத்துக்கொண்டேன்.