ஏறாதவர் எங்கே உட்காருவார்?

ராஜபாளையத்துப் பக்கம் சோழபுரத்தில் கல்யாணம் முடிந்தது; மறுநாள் முழுதாகக் கையில் இருக்கிறது. வேனில் பன்னிரண்டு பேர். எழுபது தாண்டிய ஆச்சி, முழங்காலில் பட்டை கட்டிய பெரியப்பா, துள்ளிக்கொண்டிருக்கும் கல்லூரிப் பையன்கள், இடுப்பை விட்டு இறங்காத ஒரு குழந்தை. மேற்கே திரும்பினால் மலை. "சதுரகிரிக்கே போயிருவோம் மாமா" என்று பின் சீட்டிலிருந்து ஒரு குரல் வரும். உடனே தலையாட்டி விடாதீர்கள்.

ஆல்ப்ஸ் மலையில் பனிச்சறுக்கு ஊர்களில் சரிவுகளுக்கு நிறம் உண்டு. பச்சையும் நீலமும் புதியவருக்கு, சிவப்பு ஓரளவு தேறியவருக்கு, கருப்பு கைதேர்ந்தவருக்கு. ஆளுக்கொரு சரிவில் இறங்கினாலும் மதியச் சாப்பாட்டுக்கு ஒரே இடத்தில் வந்து சேர முடியுமா என்பதையும் விவரமான குடும்பங்கள் பார்த்துக்கொள்ளும். நம் மலைகளுக்கு யாரும் நிறம் பூசி வைக்கவில்லை. அதனால் உச்சியை விட்டுவிட்டு இதை மட்டும் கேளுங்கள்: ஏறாதவர் எங்கே உட்காருவார்?

இந்தக் கேள்விக்கு நல்ல பதில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது: திருவண்ணாமலை. அண்ணாமலையாரை நினைத்துவிட வேண்டாம், இது சீனிவாசப் பெருமாள் இருக்கும் சின்ன மலை; தென் திருப்பதி என்றும் சொல்வார்கள். படி வழியாக ஏறலாம். ஆச்சி நான்கு படிக்கு ஒருமுறை நின்றாலும் போய்ச் சேர்ந்துவிடுவார். முடியாது என்றால் அடிவாரத்திலேயே இருக்கட்டும், மேலே போனவர்கள் கொஞ்ச நேரத்தில் திரும்பிவிடுவார்கள். காலையிலேயே போங்கள், வெறுங்காலோடு ஏறும்போது வெயில் ஏறிய கல் சுடும். புரட்டாசி சனிக்கிழமை என்றால் கூட்டம் நெரியும், குழந்தையோடு அன்று வேண்டாம்.

தண்ணீர் வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால் ராஜபாளையத்துக்கு மேற்கே அய்யனார் கோவில். மாந்தோப்புகளையும், ஊருக்குக் குடிதண்ணீர் தரும் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தையும் தாண்டிப் போகிற வழியே பாதி சுகம். மாங்காய்க் காலத்தில் போனால் சப்பட்டை கிடைக்கிறதா என்று விசாரியுங்கள், அது இந்த ஊர்ச் சொத்து. பெரியவர்கள் நிழலில் உட்கார, பையன்கள் அருவி வரை போய் வருவார்கள். கோடையில் அருவி வெறும் பாறையாக இருக்கும். மழைக்காலத்தில் நேர்மாறு: இங்கே வெயில் அடிக்கும்போதே மேலே மழை கொட்டும், காட்டாறு திடீரென்று இறங்கும். மறுகரையில் மாட்டிக்கொண்டவர்களைத் தீயணைப்புத் துறையினர் கயிறு கட்டி மீட்டது ஒன்றிரண்டு முறை அல்ல. தண்ணீர் கலங்கத் தொடங்கினாலே கரையேறிவிடுங்கள்.

செண்பகத்தோப்பு, காட்டழகர் கோவில் பக்கம் நடப்பவர்களுக்கு அருமையான இடம். ஆனால் அது சாம்பல் நிற அணில்களின் சரணாலயம், 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம். வனத்துறையிடம் அனுமதி கேட்டுக்கொண்டுதான் கிளம்ப வேண்டும்.

இனி சதுரகிரி. கிருஷ்ணன்கோவில், வத்திராயிருப்பு வழியாகத் தாணிப்பாறை. அங்கிருந்து மேலே சுந்தரமகாலிங்கம் கோவில் வரை சாதாரண நடைக்கு நாலைந்து மணி நேரம், அதுவும் ஒருவழிக்கு. வழியில் வழுக்குப்பாறை வரும், பெயரே எச்சரிக்கை. ஓடைகளைக் கடக்க வேண்டும். 2015 மே மாதம் அமாவாசைக்கு வந்தவர்களில் சிலரைத் திடீர் வெள்ளம் கொண்டுபோனது. எந்த நாளில், எந்த நேரத்துக்குள் ஏறலாம் என்பதை வனத்துறை அவ்வப்போது மாற்றும்; மழைக்கும் காட்டுத்தீக்கும் மூடிவிடும். முந்தைய நாளே விசாரித்துவிடுங்கள்.

ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போது முழங்கால் கணக்குக் கேட்கும். புதுச் செருப்போடு போய், வழியில் இருக்கும் இரட்டை லிங்கத்துக்குக் கீழே வார் அறுந்து, தோள் துண்டைக் கிழித்துப் பாதத்தோடு சுற்றிக்கொண்டு இறங்கினவன் நான். ஒரு மூதாட்டி கம்பை ஊன்றி, பக்கவாட்டில் ஒவ்வொரு கல்லாகக் கால் வைத்து, என்னைத் தாண்டிப் போனார். போகிற போக்கில், "நேரா இறங்காதீக தம்பி, சாஞ்சு இறங்குங்க" என்றார். அன்று பிழைத்தது அந்த யோசனையால்தான்.

கலவையான கூட்டத்துக்கு இந்த மலையை நான் சொல்ல மாட்டேன். ஏறாதவர் தாணிப்பாறையில் பகல் முழுக்கக் காத்துக் கிடக்க வேண்டும், மேலே போனவர்களோடு போனில் பேசவும் முடியாது. போயே தீருவது என்றால் பையன்களை மட்டும் அனுப்புங்கள். யாராவது பாதியில் திரும்ப நினைத்தால் வழியில் வரும் கோரக்கர் குகையோடு திரும்பட்டும், தனியாக அல்ல, கூட ஒருவரோடு. "இத்தனை மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்பு" என்று கீழேயே பேசி வையுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், சோதனை உண்டு.

மற்றவர்கள் அந்த நேரத்தில் திருவண்ணாமலையை முடித்து, ஆண்டாளைப் பார்த்துவிட்டு, பால்கோவா வாங்கலாம். மலைக்குப் போகும் முன் மட்டும் வாங்காதீர்கள். அதற்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது குரங்குகளுக்குத் தெரியாது, டப்பாவைத் தெரியும்.